முதல் வகுப்பு ரயில் பயணம்: அன்றும் இன்றும்

நம் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது வந்தே பாரத் ரயிலில் எடுத்த படத்தைப் போட்டால் போதும். பத்து நிமிடத்துக்குள் "என்ன இருந்தாலும் அந்தக் காலத்து ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி வருமாங்க?" என்று ஒரு பதில் வந்துவிடும். அதற்கு நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். இளைஞர்கள் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தக் காலத்து ஃபர்ஸ்ட் கிளாஸ்? வங்கியில் ஒரே கணக்குத் தலைப்பின் கீழ் வருடத்துக்கு வருடம் வேறு வேறு செலவை எழுதி வைத்திருந்தால் எப்படி இருக்கும்? முதல் வகுப்பின் கதையும் அதுதான். பெயர் ஒன்று, உள்ளே இருந்த சரக்கு மூன்று நான்கு முறை மாறியிருக்கிறது. நம் ஊர் வழியாகவே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதே மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை 1862-ல் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை முழுமையானது. அந்தப் பாதை கோவை நகரத்துக்குள் வரவில்லை, போத்தனூரோடு போய்விட்டது. (கேரளா போகும் சில ரயில்கள் கோவைக்குள் வராமல் போத்தனூர் வழியாகப் போகின்றன என்று நாம் மனு எழுதுகிறோமே, அந்தக் குறைக்கு வயது நூற்று அறுபதுக்கு மேல்.) 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோதுதான் கோயம்புத்தூருக்கு ஸ்டேஷன் கிடைத்தது. அந்தக் கிளைப் பாதை நம் ஊருக்காகப் போட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஊட்டிக்காகப் போட்டது. கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே கோப்புகளோடு நீலகிரிக்கு ஏறிவிடும் காலம் அது. அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள், தேயிலை காப்பித் தோட்டத் துரைகள், எல்லோரும் மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் மலை ஏறினார்கள். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் மலை ரயில் போய்ச் சேர்ந்தது. ஆக, நம் ஸ்டேஷனைக் கடந்து போன முதல் 'முதல் வகுப்பு' பயணிகள் நம்மவர்கள் அல்லர். குளிரைத் தேடிப் போனவர்கள்.

அந்தப் பெட்டி எப்படி இருந்தது? இன்றைக்கு நாம் பார்க்கும் நீளமான நடைபாதை அதில் கிடையாது. பெட்டியின் முழு அகலத்துக்கும் ஒரே அறை. இரண்டு பக்கமும் பிளாட்பாரத்தில் நேரே திறக்கும் கதவுகள். நீளமான மெத்தை இருக்கைகள், அவற்றுக்கு மேலே மடித்து வைக்கும் பெர்த்துகள், அந்த அறைக்கென்றே தனிக் கழிவறை. பக்கத்தில் ஒடுங்கிய ஒரு சிறு அறை; அதில் துரையின் வேலைக்காரர் வருவார். ரயில் நின்றதும் இறங்கி ஓடிவந்து என்ன வேண்டும் என்று கேட்பது அவர் வேலை. ரயில் ஓடும்போது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழியே கிடையாது. சாப்பாட்டுப் பெட்டி இணைத்திருந்தாலும், ஒரு ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்தில் நடந்து போய் அதில் ஏறி, சாப்பிட்டுவிட்டு அடுத்த ஸ்டேஷனில்தான் தன் அறைக்குத் திரும்ப முடியும். இல்லையென்றால் கார்டிடம் சொன்னால் அவர் அடுத்த பெரிய ஸ்டேஷனுக்குத் தந்தி கொடுப்பார். அங்கே ஸ்பென்சர் கம்பெனியார் போன்றவர்கள் நடத்திய உணவகத்திலிருந்து தட்டு தயாராக வரும்.

வெயிலுக்கு என்ன செய்தார்கள்? ஜன்னலில் நனைத்த வெட்டிவேர் தட்டி. இன்னும் வசதி வேண்டுமென்றால், பெரிய ஸ்டேஷனில் ஐஸ் பாளம் வாங்கித் தகரத் தொட்டியில் போட்டு அறை நடுவில் வைத்துக்கொள்வது. 1934-ல் பம்பாயிலிருந்து பெஷாவர் போன ஃபிரான்டியர் மெயிலில் பெட்டியின் அடியில் ஐஸ் பாளங்களை வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பினார்கள். நம் ஏசி வகுப்பின் தாத்தா அதுதான். அது வடக்கே. நம் பக்கத்துத் துரைமார்கள் வெட்டிவேரோடுதான் மேட்டுப்பாளையம் வரை வேர்த்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐஸையும் படுக்கையையும் கதவையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த முதல் வகுப்பில் விற்கப்பட்ட முக்கியமான சரக்கு வேறு. மற்ற ஜனங்கள் அருகில் வராமல் இருப்பதுதான் அது. டிக்கெட் வாங்கக் காசு இருந்தால் மட்டும் போதாது, நிறமும் வேண்டும். காசு கொடுத்து முதல் வகுப்பில் ஏறிய இந்தியர்கள், உள்ளே இருந்த வெள்ளைக்காரர்களிடம் அவமானப்பட்டது அக்காலத்தில் வாடிக்கை. 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியைக் கையில் முதல் வகுப்பு டிக்கெட்டோடு இறக்கிவிட்டதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

இந்தியாவுக்குத் திரும்பிய காந்தி முதல் வகுப்புக்காகச் சண்டை போடவில்லை. மூன்றாம் வகுப்பில் ஏறிக்கொண்டார். 1917-ல் அந்த அனுபவத்தை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கென்று எழுதியிருந்த பெட்டியில் பெரும்பாலான தூரத்துக்கு 35 பேருக்கு மேல். கட்டுரையில் அவர் வைத்த கேள்வி ஒரு கணக்குப்பிள்ளையின் கேள்வி. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். சரி, அப்படியானால் முதல் வகுப்புக்காரருக்குக் கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரருக்குக் கிடைக்கிறதா என்று கேட்டார்.

வணிகவியல் படித்தவனுக்கு அதைப் படித்ததும் பென்சில் எடுக்கத் தோன்றும். 13 ரூபாய் 9 அணாவை ஐந்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட 68 ரூபாய். அந்த 68 ரூபாய்க்கு ஓர் அறை, ஒரு கழிவறை, படுக்கை, வேலைக்காரருக்கு இடம். ஓர் ஆளுக்கு அடைபட்ட இடத்தை வைத்துப் பார்த்தால், அந்த ஐந்து மடங்கு ஒன்றுமே இல்லை. ரயில்வே கம்பெனிகளின் பயணிகள் வருமானத்தில் பெரும்பங்கு மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்தவர் கொடுத்த காசில்தான் காலை நீட்டிப் படுத்தவரின் பெட்டியும் ஓடியது.

இந்தப் பழைய முதல் வகுப்பு எப்போது ஒழிந்தது தெரியுமா? 1955-ல். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சராக இருந்த காலம். துரைமார்களின் முதல் வகுப்பை எடுத்துவிட்டு, அதுவரை இரண்டாம் வகுப்பாக இருந்ததை முதல் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள். இன்டர் கிளாஸ் என்றிருந்தது இரண்டாம் வகுப்பானது. பிறகு 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே ஒழித்து அதை இரண்டாம் வகுப்பு ஆக்கினார்கள். ஆக, நம் தலைமுறை 'அந்தக் காலத்து ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று ஏங்குகிறதே, அது எங்கள் தாத்தா காலத்து செகண்ட் கிளாஸ்! நான் இதைச் சொன்னபோது நம் பிளாக்கில் ஒரு பெரியவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆனால் அந்த செகண்ட் கிளாஸ் நல்ல கிளாஸ்தான், அதை மறுக்க மாட்டேன். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி பெரம்பூரில் ஐ.சி.எஃப். தொடங்கிய பிறகு, இரும்பாலான புதுப் பெட்டிகள் வந்தன. ஒரு பக்கம் நீள நடைபாதை. அதிலிருந்து இழுத்துத் திறக்கும் கதவோடு அறைகள். நான்கு பேர் படுக்கும் கேபின், இரண்டு பேர் படுக்கும் கூபே. ரெக்ஸின் மெத்தை, சிறிய மடிப்பு மேசை, ஒரு கண்ணாடி, கோட்டு மாட்டும் கொக்கி, ராத்திரிக்கு ஒரு நீல விளக்கு. ஏசி கிடையாது, மின்விசிறிதான். ஜன்னல் திறக்கும். ஹோல்டாலை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும். நீராவி எஞ்சின் இருந்தவரை, திறந்த ஜன்னல் வழியாகக் கரித்தூளும் டிக்கெட் வாங்காமல் ஏறும். காலையில் தலையணையில் உங்கள் முகம் கறுப்பாகப் பதிந்திருக்கும்.

வங்கியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது இந்த வகுப்பு ஒரு பதவிச் சின்னம். அதிகாரிகளின் பயணப்படி விதியில் 'முதல் வகுப்பு அல்லது ஏசி இரண்டடுக்கு' என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது இல்லை. ஆனால் அவர்களுடைய டி.ஏ. பில் எங்கள் மேசைக்குத்தான் வரும். முதல் வகுப்பு என்று எழுதினால் டிக்கெட் எண்ணையும் எழுத வேண்டும். டிக்கெட்டை ஸ்டேஷன் வாசலில் வாங்கிக்கொள்வார்கள் என்பதால், இறங்குவதற்கு முன்பே எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளாதவர் பில் திரும்பி வரும். சில பேர் முதல் வகுப்புக்கு பில் போட்டுவிட்டு இரண்டாம் வகுப்பில் போய் வந்தது உண்டு. மிச்சப் பணத்தில் சென்னையில் மனைவிக்குப் புடவை எடுத்தது உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், ஓரிருவர் இந்தக் குடியிருப்பிலேயே இருக்கலாம். இந்த பில்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்த ஒன்று: 1980-களில் முதல் வகுப்பில் போனவர்களில் பெரும்பாலானோர் சொந்தக் காசில் போகவில்லை. அரசாங்கமோ, வங்கியோ, மில்லோ கொடுத்தது. துரை போய் ஆபீசர் வந்தார், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியை ஒழித்தது புரட்சி அல்ல, கட்டணப் பட்டியல். ஏசி இரண்டடுக்குப் பெட்டி பரவலாக வந்தபோது, ஏசி இல்லாத முதல் வகுப்பின் கட்டணமும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏறக்குறைய அதே காசுக்கு, தூசியும் வெயிலும் இல்லாத பெட்டி, போர்வை தலையணையோடு. மக்கள் கதவை விட்டுக்கொடுத்துக் குளிரை வாங்கிக்கொண்டார்கள். 1993-ல் ஏசி மூன்றடுக்கும் வந்த பிறகு பழைய கேபின்கள் ஒவ்வொரு ரயிலாகக் கழற்றப்பட்டன. அறிவிப்பு, வழியனுப்பு விழா ஒன்றும் இல்லை. நீலகிரி எக்ஸ்பிரஸில் போனவர்களைக் கேட்டால் 'திடீரென்று ஒரு நாள் இல்லை' என்றுதான் சொல்கிறார்கள்.

இதே காலத்தில் கீழே நடந்தது எனக்கு இதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1977 முதல் 1979 வரை மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்தபோது, இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டிகளின் மரப்பலகைக்கு மெத்தை போட ஆரம்பித்தார்கள். இரண்டு அங்குல மெத்தைதான். ஆனால் ராத்திரி முழுக்க மரப்பலகையில் புரண்டு, காலையில் முதுகில் பலகையின் வரி பதிந்து சென்னையில் இறங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். துரைக்கு மட்டும் இருந்த மெத்தை, நூறு வருஷம் கழித்து எல்லோருக்கும் வந்து சேர்ந்தது. நம் கோவை எக்ஸ்பிரஸ் தொடங்கியதும் அந்த 1977-ல்தான். காலையில் சென்னையில் ஏறினால் மத்தியானம் கோவை; பெர்த்தே வேண்டாம் என்று ஆக்கிய ரயில் அது.

இப்போது வந்தே பாரத்துக்கு வருகிறேன். சென்னை-கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 495 கிலோமீட்டர் தூரத்தை ஆறு மணி நேரத்துக்குள் கடக்கிறது. ரயிலைக் கட்டியது அதே பெரம்பூர் ஐ.சி.எஃப். அதில் 'முதல் வகுப்பு' என்ற பெயரே கிடையாது. உயர்ந்த வகுப்புக்கு எக்ஸிகியூட்டிவ் என்று பெயர். நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பும். கதவு தானாக மூடும். (வழியனுப்ப உள்ளே ஏறிப் பெட்டி வைத்துவிட்டு இறங்குவதற்குள் கதவு மூடி, அடுத்த நிறுத்தம் வரை போய்விட்ட உறவினர்கள் பற்றிச் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கிறது. தயவுசெய்து பிளாட்பாரத்திலிருந்தே கையசையுங்கள்.) கழிவறை சுத்தம், அதை நம் காலத்து எந்த வகுப்போடும் ஒப்பிடவே முடியாது. இது விற்கும் சரக்கு நேரம். துரையின் முதல் வகுப்பு தள்ளி உட்காருவதை விற்றது, ஆபீசரின் முதல் வகுப்பு பதவியை விற்றது, இது இரண்டு மணி நேரத்தை விற்கிறது. மூன்றில் இதுதான் நியாயமான வியாபாரம் என்பது என் கருத்து. சாதாரண சேர் காரில் இருப்பவரும் அதே நிமிடத்தில்தான் கோவையில் இறங்குகிறார்.

ஆனால் நம் குடியிருப்பில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். முழங்கால் மடக்க முடியாதவர், ராத்திரியில் மூன்று முறை எழ வேண்டியவர், கணவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டியவர். இவர்களுக்கு வேண்டியது திரும்பும் நாற்காலி அல்ல. ஒரு கீழ் பெர்த்தும், சாத்திக்கொள்ள ஒரு கதவும், பக்கத்தில் ஒரு கழிவறையும். அது இன்றைக்கும் இருக்கிறது, ஏசி முதல் வகுப்பு என்ற பெயரில். புது வகை எல்.எச்.பி. முழுப் பெட்டியில் 24 பெர்த்துகள்தான். பல ரயில்களில் பாதிப் பெட்டி மட்டுமே. அதன் கட்டணம் சாதாரண ஸ்லீப்பரைப் போல் ஐந்து ஆறு மடங்கு. 1917-ல் காந்தி எழுதிய அதே விகிதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, பாருங்கள்!

2020 மார்ச் வரை இந்தக் கட்டணத்தில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. எல்லா வகுப்புக்கும் இருந்தது. கொரோனா வந்தபோது, மார்ச் 20-ஆம் தேதி நிறுத்தினார்கள். கொரோனா போனது; சலுகை திரும்பவில்லை. ஸ்லீப்பருக்கும் ஏசி மூன்றடுக்குக்குமாவது திரும்பக் கொடுக்கலாமே என்று நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லிப் பார்த்தது. எல்லாப் பயணிகளுக்குமே ஏற்கெனவே மானியம் போகிறது என்பது அரசின் பதில். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது சராசரி. அந்தச் சராசரிக்குள் யார் யாருக்காகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. தணிக்கைத் துறை அறிக்கைகளில் பல ஆண்டுகள் லாபம் காட்டிய வகுப்பு ஏசி மூன்றடுக்கு. ஒரு தடுப்புக்குள் ஆறு பேரும் பக்கவாட்டில் இரண்டு பேரும் படுக்கும் வகுப்பு. ஏசி முதல் வகுப்பு பல ஆண்டுகள் நஷ்டத்தில்தான் நின்றது. இன்றைக்கும் நெருங்கிப் படுத்தவர்தான் நீட்டிப் படுத்தவருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார். என் கணக்குப்படி, முதல் வகுப்புக்குச் சலுகை வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. ஆனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கிலும் போகும் எழுபது வயதுக்காரருக்குச் சலுகை கேட்பது நியாயம். நம் சங்கம் மனு எழுதுவதாக இருந்தால் அந்த இரண்டு வகுப்பை மட்டும் எழுத வேண்டும் என்று பொதுக்குழுவில் சொல்ல இருக்கிறேன்.

அதுவரைக்கும் கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 60 வயது ஆணும் 45 வயது பெண்ணும் தனியாகவோ இரண்டு பேராகவோ பதிவு செய்தால் ஸ்லீப்பர், ஏசி மூன்றடுக்கு, இரண்டடுக்குப் பெட்டிகளில் தனிக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. பிள்ளைகள் பெயரையும் சேர்த்து நாலு பேராகப் பதிவு செய்தால் அந்த ஒதுக்கீட்டில் வராது. செயலியில் 'கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்று ஒரு கட்டமும் இருக்கிறது. ஏசி முதல் வகுப்பில் கூபே வேண்டும் என்று விரும்பலாம்; சார்ட் போடும்போதுதான் கேபினா கூபேயா என்று தெரியும். பெட்டியின் வெளியே ஒட்டும் பெயர்ப் பட்டியலும் 2018 மார்ச்சோடு நின்றுவிட்டது. தன் பெயரை அதில் தேடிப் பிடித்துப் பக்கத்து பெர்த்துக்காரர் யார் என்று படித்துப் பார்க்கும் சுகம் போயிற்று, எல்லாம் கைப்பேசியில்.

கடைசியாக, ஜன்னல் திறக்கும் பழைய மாதிரி முதல் வகுப்பில் ஒரு முறையாவது பேரப்பிள்ளைகளோடு போக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னை, மும்பை புறநகர் ரயில்களைத் தவிர, ஏசி இல்லாத முதல் வகுப்பு இன்றைக்கும் ஓடும் அபூர்வமான இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் வந்த பிறகு, 7.10-க்குப் புறப்படும் மலை ரயில். 46 கிலோமீட்டர், 16 குகைகள், ஊட்டி போய்ச் சேர ஐந்து மணி நேரம். மலை ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முதல் வகுப்புப் பெட்டி முன்னால் இருக்கும், அதனால் எதிரே மறைக்க ஒன்றும் இல்லை. விசிறிகூட வேண்டாத அந்தப் பெட்டிக்கும், முதல் வகுப்பு என்ற பெயருக்காக, 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. கோடை விடுமுறைக்கு வேண்டுமானால், திறக்கும் அன்று காலை எட்டு மணிக்கு முன்பே கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுங்கள்.